உங்களுக்குத் தெரியுமா? எழுத முடியாத பெயர்

2010இல் அமெரிக்காவின் அலாஸ்கா மாகாணத்தில் லிசா முர்கோவ்ஸ்கியின் பெயர் வாக்குச்சீட்டில் அச்சாகவே இல்லை. வாக்காளர்கள் தங்கள் கையால் பெயரை எழுதியே அவரை செனட்டுக்கு அனுப்பினார்கள். வடசென்னையின் திருவொற்றியூர் தொகுதியில் ஓட்டுப் போடும் கத்திவாக்கத்துக்காரருக்கு அந்த வழி கிடையாது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் எழுத இடமே இல்லை. 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நமக்குக் கிடைத்தது ‘யாருக்கும் ஓட்டு இல்லை’ எனும் நோட்டா பொத்தான் மட்டும்தான். வடசென்னையிலேயே ஆர்.கே. நகரில், 2017 இடைத்தேர்தலில் நோட்டாவுக்கு 2,373 ஓட்டு, பா.ஜ.க.வுக்கு 1,417. அந்த நோட்டாவும் 2022 மாநகராட்சித் தேர்தலில் இல்லை. 2011இல் தன் நகராட்சியை இழந்து சென்னையோடு சேர்ந்த கத்திவாக்கத்தில், குடிநீரையும் குப்பையையும் தீர்மானிக்கும் தேர்தலுக்குத்தான் அந்தப் பொத்தான் முதலில் வேண்டும்.