முதியவருக்குச் சன்னி: முதலில் அறிபவர் யார்?

'சன்னி' என்னும் சொல்லை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். நோயாளி காய்ச்சல் மிகுதியாற் பிதற்றத் தொடங்கினால், "சன்னி கண்டுவிட்டது" என்று அஞ்சிப் பரிகாரியாரை அழைக்க ஓடுவது அக்கால வழக்கம். வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றும் ஒருங்கே கெடுவதே சன்னிபாதம் என்பது பழைய வைத்தியக் கொள்கை. நம் நாட்டின் தென்பகுதிச் சிங்கள மக்களோ 18 சன்னிகளுக்கு 18 முகமூடிகள் செய்து, இரவெல்லாம் ஆடி நோயை விரட்ட முயன்றனர். மேலைநாட்டார் இதனை 'டெலிரியம்' என்பர். கலப்பை உழவுசாலை விட்டு விலகுவதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியாகப் பிறந்த பெயர் அது. அறிவு தன் சாலை விட்டு விலகுகின்றது என்பது எத்துணைப் பொருத்தமான உவமை!

இன்று இந்நோயை மிகுதியாகக் காணக்கூடிய இடம் ஆஸ்பத்திரியின் முதியோர் படுக்கைதான். நோயுற்று வார்ட்டில் அனுமதிக்கப்படும் முதியோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இதற்கு ஆளாகின்றனர் என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை பெறுவோரிடம் இது இன்னும் அதிகம். ஆயினும் பெரும்பாலும் இது கண்டுகொள்ளப்படாமலே போய்விடுகின்றது. "வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது" என்ற ஒரு வார்த்தையோடு நாம் அமைந்துவிடுகிறோம்.

மறதி நோய் வேறு, சன்னி வேறு. மறதி நோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. சன்னியோ சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் வந்து புகுவது. காலையில் தெளிவாகப் பேசிய பாட்டியார், மாலையில் மகளையே யாரென்று கேட்பார். மறுநாட் காலையில் மீண்டும் தெளிவார். இந்த ஏற்றத்தாழ்வே முக்கிய அடையாளம். சிறுநீரிற் கிருமி, உடலில் நீர் வற்றுதல், மலச்சிக்கல், அடக்க முடியாத நோவு, புதிதாகக் கொடுத்த மருந்து ஆகிய யாவும் இதற்குக் காரணமாகலாம். தடிமனுக்கென்று நாம் எளிதாக விழுங்கும் பிரிட்டன் மாத்திரைகூட ஒரு முதியவரின் அறிவைக் கலக்கிவிடக்கூடும். காரணத்தைக் கண்டு நீக்கினாற் பலர் தெளிவடைவர். காணாது விட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கத்துபவரையும் ஊசிக் குழாயைப் பிடுங்குபவரையும் எல்லோரும் கவனிப்பர். கவனிக்கப்படாதவர், சுவரைப் பார்த்தபடி அரைத்தூக்கத்தில் அசையாது கிடப்பவரே. "இந்த ஐயா ஒரு கரைச்சலும் தருவதில்லை" என்று வார்ட்டிற் புகழப்படும் அவருக்குத்தான், பல வேளைகளில், சன்னி முற்றியிருக்கும்.

இதனை முதலில் யார் அறிய முடியும்? டாக்டர் கட்டிலருகே நிற்பது சில நிமிடம். தாதியாருக்கு வார்ட்டு முழுவதற்கும் மருந்து கொடுக்கும் பொறுப்பு உண்டு. முகம் கழுவி, கஞ்சி ஊட்டி, உடை மாற்றி, புரட்டிப் படுக்கவைப்பவர் உதவியாளரே. நாம் 'அற்றெண்டன்' என்று அழைப்பவர். நேற்றுத் தானாகக் கோப்பையைப் பிடித்த கை இன்று தடுமாறுவதை அவரே காண்கிறார். ஆனால் அது சொல்லத்தக்க செய்தி என்று அவருக்கு யாரும் கற்பித்ததில்லையென்றால், அச்செய்தி அவரோடே நின்றுவிடும்.

கற்பிப்பதும் கடினமன்று. "இவர் வழமையைவிடக் கூடுதலாகக் குழம்பியிருக்கிறாரா?" என்று உறவினரிடம் கேட்கும் ஒரே கேள்வியைக் கொண்டே சன்னியை ஐயுறலாம் என அவுஸ்திரேலிய வைத்தியர்கள் 2010-இல் எழுதினர். எடின்பரோ நகரத்து வைத்தியர் அலஸ்டேர் மக்லலிச்சும் அவருடைய சகாக்களும் வகுத்த 'ஃபோர் ஏ ரி' என்னும் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். நோயாளி விழிப்பாக இருக்கிறாரா, தம் வயது, பிறந்த திகதி, இருக்கும் இடம், நடப்பு ஆண்டு ஆகியவற்றைச் சொல்கிறாரா, மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல முடிகிறதா, அண்மையில் மாற்றம் ஏற்பட்டதா என்று பார்ப்பதே அது. பிறந்த திகதியே அறியாத நம் ஆச்சிமார் சிலருக்கு இது பொருந்தாதே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லத் தெரியாதவர், பங்குனியிலிருந்து சித்திரை வரை தடையின்றிச் சொல்லக்கூடும். இத்தகைய சோதனைகளை அந்தந்த ஊர் வழக்கத்துக்கு இசைவித்து, பின்னர் சரிபார்த்துக்கொள்வதே முறை.

கொழும்பு நகரில் வேறொரு சிக்கலும் உண்டு. நுகேகொடையில் வாழும் ஒரு தமிழ் மூதாட்டியார் நோயுற்று ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்படுகிறார் என வைத்துக்கொள்வோம். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். உதவியாளருக்குச் சிங்களம் மட்டுமே தெரியும். மூதாட்டியார் சொல்வது பேச்சா, பிதற்றலா என்பதை அவர் எவ்வாறு அறிவார்? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர் பலர். அவர்கள் கட்டிலருகே நாட்கூலிக்கு அமர்த்தப்பட்டவர் இருப்பார். நோயாளியின் 'வழமை' எதுவென்று அவருக்கு என்ன தெரியும்? ஆதலால் மொழி தெரியாத உதவியாளருக்கும் கண்ணாற் கற்கத்தக்கவற்றைக் கற்பித்தல் வேண்டும். அழைத்தாற் கண் திரும்புகிறதா, கை வெறுவெளியைத் துழாவுகிறதா, உணவு வாயிலேயே தங்கிவிடுகிறதா, பகலில் உறங்கி இரவில் விழிக்கிறாரா என்பவற்றை அறிய மொழி எதற்கு?

அறிவதோடு தடுக்கவும் முடியும். அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழக வைத்தியர் ஷரன் இனோயி 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. வழக்கமான பராமரிப்புப் பெற்றோரில் நூற்றுக்கு 15 பேருக்குச் சன்னி கண்டது. புதிய முறைப்படி பேணப்பட்டோரில் நூற்றுக்கு 10 பேருக்கும் சற்றுக் குறைவு. அப்புதிய முறையிற் பயிற்சி பெற்ற தொண்டர்களும் பங்குகொண்டனர். அவர்கள் செய்தது என்ன? மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தனர், தண்ணீர் பருகச் செய்தனர், கைபிடித்து நடத்தினர், இன்ன நாள், இன்ன இடம் என்று நினைவூட்டினர், இரவில் தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பானம் கொடுத்து முதுகைத் தடவிவிட்டனர். கட்டிலோடு கட்டிவைப்பது மட்டும் கூடாது; அது சன்னியை வளர்க்கவே செய்யும்.

நம் நாட்டில் 2012 குடிசன மதிப்பீட்டின்போதே 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் இருந்தனர். பின்னர் அவ்விகிதம் இன்னும் உயர்ந்துள்ளது. நுகேகொடைச் சுற்றாடலிலோ கல்விக் கூடங்களுக்குக் குறைவில்லை. களுபோவில போதனா வைத்தியசாலை அருகிலுள்ளது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் வைத்தியம் கற்பிக்கின்றது. நாவல திறந்த பல்கலைக்கழகம் தாதியருக்குப் பட்டப்படிப்பு நடத்துகின்றது. இத்தகைய இடங்களின் அறிவு வார்ட்டு உதவியாளரின் கைக்கும் இறங்கி வருவதற்கு, எம் எண்ணத்தில், ஒரு பிற்பகல் வகுப்பும் தமிழும் சிங்களமுமாக அச்சிட்ட ஓர் அட்டையும் போதிய தொடக்கம். "இன்று ஆளே வேறாக இருக்கிறார்" என்று உதவியாளர் வந்து சொன்னால், தாதியார் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வழக்கமும் உடன் வேண்டும்.

வீட்டாரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்கையில், சிங்களம் எழுதத் தெரிந்த அயலவர் ஒருவரைக் கொண்டு சிறு தாள் ஒன்று எழுதுவித்துக் கட்டில் மேசையில் வைக்கலாம். அவரை வீட்டில் எவ்வாறு அழைப்பார்கள், எந்தக் காது நன்றாகக் கேட்கும், கண்ணாடியும் பற்கட்டும் எங்கே உள்ளன, எத்தனை மணிக்குத் தேநீர் குடிப்பார், நேற்று வரை தம் கையாலேயே உண்டாரா என்பன அத்தாளில் இருக்கட்டும்.