ஒட்டடைக்குள் ஒரு பொறி

சிலந்தி வலை என்றதும் மனதில் வருவது சக்கர வலைதான். அந்தப் பெருமைக்கு அது தகுதியானதே. காற்றில் விட்ட இழை எதிர்க்கிளையில் ஒட்டியதும் சிலந்தி அதைப் பாலமாக்கி, சட்டமும் ஆரங்களும் இழுக்கிறது. ஒட்டாத இழையால் தற்காலிகமாக ஒரு சுருள் சுற்றுகிறது. பிறகு அதில் கால்வைத்தபடியே வெளியிலிருந்து உள்நோக்கிப் பசைச் சுருளைப் போட்டுவந்து, தேவை முடிந்த பழைய சுருளை அகற்றிவிடுகிறது. ஆனால் இந்த அழகில் மயங்கி, சுவர் மூலையில் சிக்கும் சிடுக்குமாகக் கிடப்பதை ஒட்டடை என்று ஒதுக்குவது அநியாயம். அதுவும் அதே அளவு தேர்ந்த வேலைப்பாடுதான்.

தெரிடிடே குடும்பத்துச் சிலந்தியின் வலையை உற்றுப் பார்த்தால் இது விளங்கும். மேலே உள்ள பின்னல் அது தங்கும் இடம். அங்கிருந்து விறைப்பான இழைகள் தரைக்கு இறங்குகின்றன. அவற்றின் அடிநுனியில் மட்டும் பசைத் துளிகள். தரையோடு உள்ள பிடி மிக லேசானது. ஊர்ந்துவரும் எறும்பு பசையில் மாட்டித் திமிறினால் பிடி விட்டுப்போகும்; விறைத்திருந்த இழை சுருங்கி, தூண்டிலைச் சுண்டியதுபோல எறும்பை அந்தரத்தில் தூக்கிவிடும். காலூன்ற இடமில்லாமல் போனபின் அதன் பலம் எதற்கும் உதவாது. (நீண்ட கால்களோடு தொங்கி, தொட்டால் உடலைக் கிடுகிடுவென ஆட்டும் வீட்டுச் சிலந்தி வேறு குடும்பம், அதன் வலை தனிக்கதை.)

கண்டபடி இழுத்த இழைகளில் சில தற்செயலாகத் தரையைத் தொட்டிருக்கும் என்று வாதிடலாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த, அமெரிக்காவின் மேற்குக் கருப்பு விதவைச் சிலந்திகளில் நடந்த சோதனை அதற்கு இடம்தரவில்லை. பட்டினி கிடந்தவை இந்தப் பசை இழைகளை அதிகம் அமைத்தன. நன்றாகத் தின்றவை அவற்றைக் குறைத்துக்கொண்டன. பசிக்கேற்பக் கூடிக் குறைவதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது? சக்கர வலைக்கு முந்திய அரைகுறை முயற்சி இது என்பதும் நிற்காது. சக்கர வலை எத்தனை முறை தோன்றியது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பசைத்துளிச் சக்கர வலை பின்னும் சிலந்திகளும் இவையும் ஒரே பெருங்கிளையைச் சேர்ந்தவை, இரண்டும் ஒரே வகைச் சுரப்பியிலிருந்தே பசை எடுக்கின்றன. ஒன்று பறப்பதற்கு வலை விரிக்கிறது, மற்றது நடப்பதற்குப் பொறி வைக்கிறது.

அப்படியானால் ஏன் இவ்வளவு தூசி? தூசி படிந்து தொங்குவது பெரும்பாலும் சிலந்தி கைவிட்டுப்போன வலை. சக்கர வலைக்காரர்களில் பலர் பழையதைத் தின்றுவிட்டு அன்றாடம் புதிதாகப் பின்னுகிறார்கள். இதுவோ இருப்பதையே பழுதுபார்த்து, இழைகூட்டி, நாள்கணக்கில் அதிலேயே குடியிருக்கிறது.