ஒருசீர்மையும் செம்மையும்: கைநிரப்புத் தோட்டாவின் கூறுகள் பற்றிய ஒரு நோக்கு

றைபிள் சுடுதல் போட்டி விளையாட்டாக வளர்ந்த நாடுகளில், சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில், தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்வோர் பலர் உளர். பித்தளைக் கோது, அதன் அடியில் அமையும் எரியூட்டி, வெடிமருந்து, சன்னம் ஆகிய நான்கும் தோட்டாவின் கூறுகளாகும். ஒவ்வொன்றிலும் தலைசிறந்ததைத் திரட்டினால் தலைசிறந்த தோட்டா உருவாகும் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை இங்கு ஆராய்வோம்.

ஒரு சன்னம் இலக்கின் நடுவிற் பட்டமை செம்மைக்குச் சான்றாகாது. அது தற்செயலாகவும் நிகழலாம். ஐந்து சன்னங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து ஒரே இடத்திற் சென்று படுதலே சான்றாகும். ஆகவே, கூறுகளைத் தெரிவு செய்கையில் அவை தம்முள் ஒத்திருக்கின்றனவா என்பதே முதற்கண் எழவேண்டிய வினாவாகும்.

சன்னத்தை எடுத்துக்கொள்வோம். மசச்சூசெட்சு மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவரான பிராங்கிளின் மான், கொங்கிறீற்றுத் தளத்திற் குழலை அசையாது பொருத்திப் பல்லாண்டுகள் பரிசோதனை செய்து, முடிவுகளை 1909இல் நூலாக வெளியிட்டார். சன்னத்தின் முனை சிதைந்தாற் பெருங்கேடில்லை. அடிப்பாகம் சிதைந்தாலோ அது வழிதவறும் என அவர் காட்டினார். குழலினுள் சன்னம் தன் வடிவ அச்சைச் சுற்றிச் சுழல்கின்றது. வெளியேறியதும் திணிவு மையத்தைச் சுற்றிச் சுழல முயல்கின்றது. இவ்விரண்டும் பொருந்தாதவிடத்து அது பக்கமாக விலகும்.

சன்னம் குழலோடும் இணங்குதல் வேண்டும். கிறீன்கில் என்னும் கணிதவியலாளர் 1879இல் வகுத்த விதியின்படி, விட்டத்தைப் போல் மும்மடங்கு நீளமுள்ள சன்னத்துக்கு ஏறத்தாழ 50 விட்டத் தூரத்தில் தவாளிப்பு ஒரு முழுச் சுற்றை முடித்தல் வேண்டும். சன்னம் நீள நீளச் சுழற்சியும் விரைவாதல் அவசியம்.

ஏனைய மூன்றுக்கும் இந்நெறியே பொருந்தும். கோதுகளின் கொள்ளளவு வேறுபடின் அமுக்கமும் வேகமும் வேறுபடும். கழுத்தின் சுவர் ஒரு பக்கம் தடித்திருப்பின் சன்னம் நடுவில் அமையாது. எரியூட்டி ஒரே அளவாக மருந்தைப் பற்றவைத்தல் வேண்டும். மருந்தின் நிறை வேறுபடின், தொலைவிலுள்ள இலக்கிற் சன்னங்கள் மேலும் கீழுமாகச் சிதறும். ஒரு கூறு மாறினும் அமுக்கம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். எனவே உற்பத்தியாளர் வெளியிடும் வரம்புகளை மீறலாகாது.

இந்நெறியின் வெற்றிக்கு 1975இல் தோன்றிய 6 மி.மீ. பீ.பீ.சி. தோட்டா தக்க உதாரணமாகும். அதன் மூலக் கோது சோவியத் படையின் 7.62 × 39 மி.மீ. தோட்டாவின் வழிவந்தது. குறுகிய, பருத்த அக்கோதினையும் அதன் சிறிய எரியூட்டியையும் கொண்டு, பல்மிசானோ என்ற மருத்துவரும் பிண்டெல் என்ற கருவித் தொழில்வல்லுநரும் அதனை வடிவமைத்தனர். 100 யார் தூரத்தில் ஐந்து சன்னங்கள் கால் அங்குலத்தினுள் அடங்குதல் அதனாற் சாதாரணமாயிற்று.

போர்க்களத்துக்கெனப் பிறந்த கோது அளவைத் திறனின் சோதனைக் கருவியாயிற்று. இதனைச் சாதித்தது விலையுயர்ந்த பொருளன்று. அளந்தறியும் அறிவும் கடைசற் பொறியிற் பழகிய கையும் சமநிலையில் ஒன்றிணைந்தமையேயாகும். கைத்தொழிலையும் ஆய்வையும் வெவ்வேறு படிகளில் வைத்து நோக்கும் எமது கல்வி மரபு இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.