அடுத்த வீடு அளவுகோல் அன்று



"அடுத்த வீட்டுப் பையனிடம் ஐந்து பயிற்சி நூல்கள் இருக்கின்றன, நம் பிள்ளைக்கும் வேண்டும்" என்று சம்பள நாளன்று கடைக்குப் புறப்படும் தாய்மார்கள் உண்டு. நோக்கம் நல்லதே. ஆனால், கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கே பிடிபடாத பிள்ளையிடம் பின்னக் கணக்கு நூலைக் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டு பக்கம் பார்ப்பான். "எனக்குப் படிப்பு வராது" என்று மூடிவைப்பான். காசு போனாலும் சம்பாதிக்கலாம். அந்த எண்ணம் வேரூன்றிவிட்டால் பிடுங்குவது கடினம்.

ஆறாம் ஆண்டில் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. இப்பொழுது வகுப்பு மதிப்பீட்டில் பிள்ளையின் அடைவுநிலை 1 முதல் 6 வரை குறிக்கப்படுகிறது. அது வகுப்பில் எத்தனையாவது பிள்ளை என்பதைச் சொல்வதன்று; அவனுக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்வது.

ஆகவே, முதலில் ஆசிரியரைக் கண்டு, "என் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறான்?" என்று கேளுங்கள். அடுத்து, கடையிலேயே ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு சொற்களில் திணறினால் அந்த நூல் இப்பொழுது வேண்டாம். மூன்றாவது, உங்கள் நேரத்தைப் பாருங்கள். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் இரவில் நெடுநேரம் விழித்திருக்க இயலாது. நாள்தோறும் இருபது நிமிடம் போதும். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும், பிள்ளை வாசிப்பதை அருகில் உட்கார்ந்து கேளுங்கள்.

சென்ற மாதம் தெரியாதது இம்மாதம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.