கையொப்பம் ஒன்று, உடையவர் பலர்

அச்சிட்ட தாளும் வார்த்த காசும் இன்றிக் கணிப்பொறிகளுக்கிடையே மட்டும் உலவும் நாணயம் பிட்காயின். சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையில் கருக்கொண்டு, 2009 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இதற்கென வங்கி இல்லை. பொதுப் பேரேடு ஒன்றே உண்டு. எந்த முகவரியிலிருந்து எம்முகவரிக்கு எவ்வளவு சென்றது என்பதை எவரும் அதில் படிக்கலாம். பெயர் இராது, ஆயினும் போக்குவரவு முழுவதும் புலப்படும். தன் வருவாயையும் தான் வழங்கிய கொடையையும் ஊரறியச் செய்ய விரும்பாதவர் குற்றவாளி ஆகார். அத்தகையோர்க்கு இங்குக் காப்பு யாது?

ஒவ்வொரு கொடுக்கலுக்கும் மின்னணுக் கையொப்பம் இன்றியமையாதது. உரிமையாளரிடம் மறைத் திறவுகோல் எனப்படும் பேரெண் ஒன்று உண்டு. அதனின்று கணிக்கப்பெறும் பொதுத் திறவுகோலை எவர்க்கும் தரலாம். மறைத் திறவுகோலை வெளிக்காட்டாமலேயே, அதனை உடையவர் தாமே என மெய்ப்பிப்பதுதான் கையொப்பத்தின் பணி.

ஒரு நிறுவனத்தின் பொருளை மூவர் கூடிக் காப்பதாகக் கொள்வோம். மூவரும் ஒப்பினால் பணம் செல்லும். ஒருவர் மறைந்தால் ஓராண்டு கழித்து எஞ்சிய இருவர் எடுக்கலாம் என்பது அவர்தம் விதி. பழைய முறையில், பணம் செலவாகும்பொழுது அவ்விதி முழுவதும், மூவரின் பொதுத் திறவுகோல்களும் கையொப்பங்களும் பேரேட்டில் அழியாது பதியும். பெட்டிக்குப் பூட்டு எத்தனை, சாவி எத்தனை பேரிடம் என்பதைக் கதவிலேயே எழுதி வைப்பதற்கு இஃது ஒப்பாகும்.

செருமானியக் கணித அறிஞர் கிளவுஸ் ஷ்னோர் 1989இல் எளியதொரு கையொப்ப முறையை வெளியிட்டார். அமெரிக்கக் காப்புரிமை பல ஆண்டுகள் அதனைக் கட்டி வைத்திருந்தது. கூட்டத்தக்க தன்மையே அம்முறையின் சிறப்பு. மூவரின் பொதுத் திறவுகோல்களை இணைத்து ஒன்றாக்கலாம். மூவரின் கையொப்பப் பகுதிகளைக் கூட்டி 64 பைட்டு அளவுள்ள ஒரே கையொப்பமாக்கலாம். வெறுமனே கூட்டினால், இறுதியில் வருபவர் பிறர் திறவுகோலைக் கழித்துவிடும் வஞ்சகத்திற்கு இடமுண்டு. அதனைத் தடுக்கும் இணைப்பு முறைகளும் பின்னர் வகுக்கப்பட்டன.

2021 நவம்பர் 14 அன்று, டாப்ரூட் என்னும் திருத்தத்தின் வழியே ஷ்னோர் முறை பிட்காயினில் இடம்பெற்றது. இப்பொழுது மூவரும் ஒப்பிச் செலவிட்டால், பேரேட்டில் தெரிவது ஒரு திறவுகோலும் ஒரு கையொப்பமுமே. இட்டவர் ஒருவரா மூவரா என்று பார்ப்பவர் அறியார். ஓராண்டு விதியும் பயன்படுத்தப்பட்டாலன்றி வெளிப்படாது.

ஆயினும் எல்லை உண்டு. தொகையும் முகவரியும் இன்றும் வெளிப்படையே. அடையாளச் சான்று பெற்று நாணயம் விற்கும் நிலையங்கள் முகவரிக்குரியவரை அறியும். மேலும், புதிய முறை முகவரியின் தோற்றத்திலேயே தெரிவதால், அதனைப் பலரும் கைக்கொண்டால்தான் ஒருவர் மற்றவருள் கலந்து மறைய இயலும். ஒருவரது மறைவைக் காப்பது அவர்தம் திறவுகோல் மட்டுமன்று. அவரைப் போன்றே கையொப்பமிடும் பிறருமாவர்.