கரன்ட் போனா மாடி சோலாரும் நிற்பது ஏன்? மழைக்காலத்துக்கு முன் ஒரு கணக்கு

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம். இரண்டு முறையும் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அதனால் மயிலாப்பூர் மொட்டை மாடிகளைப் பார்த்ததும் பலருக்கும் ஒரு யோசனை: “சோலார் போட்டுட்டா கரன்ட் போனாலும் கவலையில்லை.” ஆனால், வெறும் பேனல் அந்தக் கவலையைத் தீர்க்காது.

ஏன் நிற்கிறது?

வீடுகளில் பெரும்பாலும் போடுவது ‘ஆன்-கிரிட்’ சோலார். அதன் இன்வெர்ட்டர் இ.பி. லைனோடு இணைந்து ஓடும். லைன் செத்தால், உச்சி வெயிலிலும் தானாகவே நின்றுவிடும். இது கோளாறு இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. உங்கள் வீட்டு மின்சாரம் லைனுக்குள் போனால், கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து.

என்ன வேண்டும்?

‘ஹைப்ரிட்’ இன்வெர்ட்டரும் பேட்டரியும். கரன்ட் போன நொடியில் இது வீட்டை லைனிலிருந்து துண்டித்து, நீங்கள் தேர்ந்தெடுத்த சர்க்யூட்களுக்கு மட்டும் மின்சாரம் தரும். கீழ்ப்பாக்கம் ‘சோலார்’ சுரேஷ் 2012-லேயே தன் வீட்டு மாடியில் 1 கிலோவாட் பேனலைப் பேட்டரியோடு வைத்தார்.

2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் உண்டு. ஆனால், அது இ.பி. லைனோடு இணைந்த சோலாருக்குத்தான். பேட்டரிச் செலவு நம்முடையது.

எவ்வளவு பேட்டரி?

ஒரு நாள் அவசியத் தேவையைக் கூட்டிப் பாருங்கள்:

• ஃப்ரிட்ஜ்: சுமார் 1 யூனிட்
• 2 பி.எல்.டி.சி. ஃபேன், 12 மணி நேரம்: 0.7
• 4 எல்.இ.டி. பல்பு, 6 மணி நேரம்: 0.2
• வைஃபை, லேப்டாப், செல்போன்: 0.6

மொத்தம் 2.5 யூனிட். இரண்டு நாளைக்கு 5. ஏ.சி. இதில் சேராது, 1.5 டன் ஏ.சி. ஓடினால் மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் போகலாம்.

5 யூனிட் லித்தியம் பேட்டரி ஏறக்குறைய இதற்குச் சரிவரும். வழக்கமான 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட். ஆயுள் குறையாமலிருக்க அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும்.

மழை நாளில்?

1 கிலோவாட் பேனல் சென்னையில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். வானம் முழுக்க மூடினால் 1 யூனிட் கிடைப்பதே கஷ்டம். டொராண்டோவில் வசிக்கும் தமிழருக்கு டிசம்பரில் பகலே 9 மணி நேரம்தான். பேனல் மேல் பனியும் படியும். நமக்குப் பகல் 11 மணி நேரத்துக்கு மேல். குளிர் நமக்குப் பிரச்சினையே இல்லை, மேகம்தான். அதனால் பேட்டரியை வெயில் நாளை வைத்துக் கணக்கிடாதீர்கள். வெயிலே வராத இரண்டு நாளை வைத்துக் கணக்கிடுங்கள்.

போடும் முன் கவனிக்க

பிளாட் என்றால் மாடி எல்லோருக்கும் பொது; அசோசியேஷன் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்க. தண்ணீர்த் தொட்டி, தென்னை மரத்தின் நிழல் பேனலில் விழக் கூடாது. ஸ்டாண்டு புயல் காற்றைத் தாங்க வேண்டும். வெள்ளம் வரும் தெருவில் பேட்டரியைத் தரைத் தளத்தில் வைக்காதீங்க.

முக்கியமாக, கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன், பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்க. எது ஓடுது, எவ்வளவு நேரம் ஓடுது என்பது அப்போதே தெரிஞ்சிடும். புயல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.