அத்தைக்கு ஒரு கம்ப்யூட்டர்

"டேய், என் பேங்க் பாஸ்வேர்டு அந்த பிரவுசிங் சென்டர் பையனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது!"

மாயவரத்திலிருந்து அத்தை போனில் இப்படிச் சொன்னபோது 2025 தீபாவளி முடிந்து நாலு நாள். தீபாவளி லேகியம் பதம் தப்பிப் போனதில் ஆரம்பித்த பேச்சு எப்படியோ இங்கே வந்து நின்றது. கரன்ட் பில், கேஸ், பேங்க் கணக்கு... எல்லாவற்றுக்கும் கடைத்தெரு பிரவுசிங் சென்டர்தான். பையன் கெட்டவன் இல்லை. ஆனால் அத்தையின் ஆதார் நம்பர் அவனுக்கு மனப்பாடம். ஓ.டி.பி. வந்தால் அத்தை போனை அப்படியே அவனிடம் நீட்டிவிடுவார். கண் ஆபரேஷனுக்கு அப்புறமும் போன் எழுத்து அவருக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரிகிறது.

"எனக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடேன். விலை ஜாஸ்தி வேண்டாம். பென்ஷன்ல மாசா மாசம் கொடுத்துடறேன்."

காலேஜில் எனக்கு மூணு வருஷம் ஃபீஸ் கட்டியவர். மாசா மாசம் கொடுத்துவிடுவாராம்!

அத்தைக்கு வயது 72. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, சர்க்கார் ஆபீஸில் இருபத்தைந்து வருஷம் தட்டியவர். 1999-ல் தாத்தா படுத்த படுக்கையானபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டார். கம்ப்யூட்டர் ஆபீஸுக்குள் நுழைய, அத்தை வெளியே வந்தார்.

முதலில் சுலப வழி பார்த்தேன். என் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாயவரம் போனேன். கூடத்து ஊஞ்சலில் வைத்துத் திறந்தேன். அத்தை பத்து விரலையும் கீபோர்டில் பதித்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னடா இது, அப்பளத்து மேல டைப் அடிக்கிற மாதிரி இருக்கு?"

தவிர, குனிந்து குனிந்து பார்த்ததில் கால் மணி நேரத்தில் கழுத்து வலி வந்துவிட்டது. பெரிய திரை, கண்ணுக்கு நேராக. விரலுக்குத் தட்டுப்படுகிற தனி கீபோர்டு. என்ன வாங்குவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. (உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பேரனிடம் வீடியோவில் பேசினால் போதும் என்றால், கம்ப்யூட்டரே வேண்டாம். கொஞ்சம் பெரிய டேப்லட் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.)

சென்னை திரும்பி, ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுன்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பினால் வண்டி நிறுத்த இடத்தைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கிற தெரு.

"யாருக்கு சார்?"

"72 வயசு அத்தைக்கு."

"கேம்ஸ் ஆடுவாங்களா?"

"பல்லாங்குழி ஆடுவாங்க."

அதற்கும் அசரவில்லை. கீபோர்டுக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக சீரியல் லைட் எரிகிற லேப்டாப்பை எடுத்து வைத்தார். 68,000 ரூபாய்! அம்மன் கோயில் திருவிழாவுக்குத்தான் ஆகும் என்று வெளியே வந்தேன்.

அடுத்த கடையில் நேர் எதிர். புத்தம் புதுசு, விலையும் மலிவு. 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. ஸ்டோரேஜ். "விண்டோஸ் 11 ஓடும் சார்" என்றார். பொய் இல்லை. மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சமே அதுதான். ஆனால் ஃபுட்போர்டில் தொங்குகிறவரையும் பயணி என்றுதான் கணக்கெடுக்கிறார்கள்! நாலு அப்டேட் வந்தால் இடம் நிறைந்து மூச்சுத் திணறும். 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இதற்குக் கீழே இறங்காதீர்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம். அது விழித்துக்கொள்வதற்குள் பெரியவர்கள் "கெட்டுப்போச்சு" என்று சுவிட்சை அணைத்துவிடுவார்கள்.

மூன்றாவது கடையில்தான் விஷயம் இருந்தது. கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் மெஷின்களைத் துடைத்து, சரிபார்த்து விற்கிறார்கள். தடிமனான டிக்‌ஷனரி அளவில் ஒரு டெஸ்க்டாப் பெட்டி. "ஐ5 சார், ஒன்பதாயிரம்தான்!"

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி. தாத்தாவும் ஐ5, பேரனும் ஐ5! எந்தத் தலைமுறை என்று பாருங்கள். ஐ5-6500 என்றிருந்தால் ஆறாவது தலைமுறை. ஐ5-8500 என்றால் எட்டாவது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இன்டெல் சிப்புகள் அநேகமாக எட்டாவதிலிருந்துதான் ஆரம்பம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். பேங்க் கணக்கு பார்க்கப்போகிற மெஷினுக்கு இது முக்கியம். ஒன்பதாயிரம் ரூபாய் பெட்டி, ஆறாவது. நான் எட்டாவது கேட்டேன். கடைக்காரர் என்னை முதல் முறையாக மரியாதையுடன் பார்த்தார்.

பெட்டி 14,500. புது 22 அங்குல மானிட்டர் 6,000. கீபோர்டும் மவுஸும் 900. மாயவரத்துக் கரன்டை நம்பி எதுவும் வாங்க முடியாது என்பதால் யு.பி.எஸ். 2,800. கேமரா 1,200. ஆக மொத்தம் 25,400. ஆறு மாத வாரன்டியை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

அத்தை வீட்டில் எழுத்தின் அளவை ஒன்றரை மடங்கு ஆக்கினேன். மவுஸ் அம்பைப் பெரிதாக்கினேன். திரையில் நாலே நாலு படம், மற்றதையெல்லாம் கண் மறைவாக ஒதுக்கினேன். கண்டதையும் இன்ஸ்டால் செய்ய முடியாதபடி அத்தைக்குத் தனிக் கணக்கு.

தமிழில் அடிப்பதுதான் பாக்கி. அத்தை ஓய்வு பெற்ற அதே 1999-ல் தமிழ்நாடு அரசு 'தமிழ்99' என்ற கீபோர்டு முறையை ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். புதிதாகக் கற்பவருக்கு அருமையான முறை. விண்டோஸிலேயே இருக்கிறது. அத்தைக்குக் காட்டினேன். ஒரு வரி அடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

"கை வேற எங்கேயோ போகுதுடா. விட்டுடு, இனிமே எனக்கு எங்கே..." என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம்தான் உறைத்தது. என்.ஹெச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய டைப்ரைட்டர் முறையும் உண்டு. அதைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன்.

அத்தை வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். இடது கை விரல்கள் நடு வரிசையில் இறங்கின. ய... ள... ன... க. திரையில் அதே எழுத்துகள்! நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொம்பை முதலில் தட்டினார், எழுத்தை அடுத்துத் தட்டினார். சரியாக வந்தது. அதற்கப்புறம் என்னைப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷம் சும்மா இருந்த விரல்கள்! அரை மணி நேரத்தில், தெருச் சாக்கடை அடைப்பு பற்றி நகராட்சிக்கு ஒரு பக்க மனு ரெடி. 'ஐயா' விலிருந்து 'இப்படிக்கு' வரை ஒரு ஒற்றுப்பிழை இல்லை.

மறுநாள் முழுக்க பேங்க் பாடம். மூன்று நாள் தங்கினேன். பெட்டியைவிட இந்த மூன்று நாள்தான் செலவு என்று ஆபீஸில் லீவு கேட்டவர்களுக்குத் தெரியும். "போலீஸ் பேசறேன், டிஜிட்டல் அரெஸ்ட்னு எவனாவது சொன்னா போனை வெச்சுடுங்க. சட்டத்துல அப்படி ஒண்ணு கிடையாது. பணம் போயிட்டா உடனே 1930-க்கு போன் பண்ணணும்" என்றேன். அத்தை அதையும் டைப் அடித்து மானிட்டருக்கு மேலே ஒட்டச் சொன்னார். பிரின்ட் எடுக்க மட்டும் பென் டிரைவுடன் அதே பிரவுசிங் சென்டர்.

கிளம்புகிற அன்று காலை, பேங்க் பாஸ்வேர்டைத் தானே மாற்றினார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"மறந்துட்டா கஷ்டம் அத்தை. என்ன போட்டிருக்கீங்க, சொல்லுங்க, நான் குறிச்சு வெச்சுக்கறேன்."

அத்தை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உனக்கு எதுக்குடா?"